சமையலறையின் பின்கதவு

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு விழா மண்டபத்தின் சமையலறைக்கு நான் பொறுப்பு. போன வருடம் ஒரு நாட்டுத் தலைவர் அங்கே விருந்துக்கு வந்தார். அவருடைய மெய்க்காவலர்கள் காலையிலேயே வந்து, மிளகாய்த்தூள் டப்பாவைக்கூட விடாமல் முகர்ந்து பார்த்துத் தும்மினார்கள். அவ்வளவு காவல்! அப்படியிருந்தும் எவனோ ஒருவன் எங்கள் பின்கதவால் நுழைந்து, தலைவரின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துவிட்டான். கத்தி இல்லை, துவக்கு இல்லை, வெறும் கைபேசிதான். ஆனாலும் மண்டபமே அமளிதுமளிப்பட்டது.

உள்பக்கமாகப் பூட்டியிருந்த கதவை யார் திறந்தது? கதவடியில் ஒரு பொலிஸ் காவலர் நின்றார். பக்கத்தில் எங்களோடு வேலைசெய்யும் ஊர்க்கார அக்கா ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். பழி யார் தலையில் விழும் என்று சாத்திரம் கேட்கவா வேண்டும்? அக்கா தனி ஆள். அந்த வேலை போனால் அவருக்கு வேறு கதி இல்லை.

விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். முன்பு காவல் பிரிவு தன்னைத்தானே விசாரித்ததாம். இப்போது நடைமுறையைத் திருத்தி, வெளியாட்களை அனுப்புகிறார்களாம். ஓகோ, கள்ளனை விசாரிக்கக் கள்ளனின் மச்சாள் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவை அறைக்குள் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

“நான்தான் திறந்தனான் எண்டு சொல்லிப்போட்டன்.”

“உங்களுக்கென்ன விசரோ அக்கா? நீங்கள் திறந்தனீங்களோ?”

“இல்லை. முதலே ஒத்துக்கொண்டால் அடிக்க மாட்டினம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் விழுந்த பழத்தை யார் துப்புவார்கள்? அக்காவின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த கிழமை அந்த அதிகாரி என்னைச் சந்திக்க வரச்சொல்லி ஒரு டெர்மின் தந்தார். போனேன்.

“கதவைத் திறந்தது அங்கே நின்ற காவலர். சிகரெட் பிடிக்கப் போனவர் திரும்பப் பூட்டவில்லை. அன்று மாலையே அவராக எழுதிக் கொடுத்துவிட்டார்” என்றார். “இந்த அம்மா ஏன் தானே திறந்ததாகச் சொல்கிறார்? பொலிஸ் ஆட்கள் யாராவது மிரட்டினார்களா?”

இதில் என்ன சூது என்று அவருடைய முகத்தையே பார்த்தேன். அந்தக் காவலரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்களாம். இனிமேல் எந்தக் கதவிலும் ஒருவரைத் தனியாக நிறுத்தமாட்டார்களாம்.

“இங்கே யாரும் மிரட்டவில்லை” என்றேன். சீருடை போட்ட ஒருவன் “என்னுடைய பிழை” என்று தானாகச் சொன்னதை நான் பிறந்த ஊரில் ஒருநாளும் கேட்டதில்லை. பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

சொன்னதை மீளப்பெற அக்கா ஒரு கையெழுத்து வைத்தால் போதும். வைக்காவிட்டால் அவர் சொன்னது அப்படியே பதிவில் நிற்கும், மண்டபக்காரர் வேலையால் நிற்பாட்டுவார்கள். ஓட்டமும் நடையுமாக வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“பொலிஸ்காரன் தானாச் சொன்னவனாமோ? நம்பாதேங்கோ பிள்ளை, இது எங்களைப் பிடிக்கிற வேலை. வேலை போனாப் போகட்டும். நான் திறந்ததெண்டே இருக்கட்டும்.”