பொய் சொல்ல வராத பிள்ளை

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு புதிர். இரண்டு வாசல், இரண்டு காவலர்கள். ஒருவர் உண்மை மட்டுமே சொல்வார், மற்றவர் பொய் மட்டுமே சொல்வார். எவர் எப்படி என்று நமக்குத் தெரியாது. ஒரே கேள்வி கேட்டுச் சரியான வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். பென்சிலை எடுத்தேன், எழுதவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, கொழுந்து பறிக்கப் போகும் பெண்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். எனக்கு ஏழு வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மலைக்குப் போவேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது லயம் முழுக்கத் தெரியும். அதனால் காவல்காரர் அம்மாவின் கூடையைக்கூடப் பார்க்காமல் என்னிடம் குனிவார்.

"பாப்பா, அம்மா அரிசி கொண்டுபோறாங்களா?"

"இல்ல சார்."

என் பாவாடை கனத்துக் கணுக்காலில் இடிக்கும். பனியில் நனைந்ததால்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மலையில் அதன் விளிம்புத் தையல் விட்டு, செடிகளுக்கு நடுவே அரிசி கொட்டியது. அம்மா மண்டியிட்டு ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள்.

"மாமாவுக்குடி. காட்டுல பட்டினியா கெடக்கான்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"தெரிஞ்சா நீ சொல்லிடுவியே."

மறுநாளும் பாவாடை கனத்தது; காவல்காரர் என்னிடம் குனிந்தார். அம்மா என்னைப் பார்க்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்," என்றேன். குரல் நடுங்கவில்லை. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம் என்கிறது பத்திரிகை. அந்த மனிதர் தினமும் கேட்டார்.