மெலாத்தியின் ஈரப்பெட்டி

பக்கத்து வீட்டு சுஹெர்லான் பாம்புப் பெட்டியின் மூடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையால் உள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வெளியே நான்காம் நாளாக மழை. அவர் வளர்க்கும் மலைப்பாம்பு மெலாத்தி வாயைத் திறந்து மூச்சுவிட்டது. போன வருடம் ஒரு பாம்பு இப்படித்தான் செத்தது. இதுவும் போனால் இனி வளர்ப்பதில்லை என்று சொல்லியிருந்தார்.

"எதுக்கு பாக் தெளிக்கிறீங்க?" என்று கேட்டேன். இந்தோனேசியாவில் ஆண்களை மரியாதையாக பாக் என்போம், பெண்களை இபு என்போம்.

"தினம் மூணு தடவை தெளிக்கணுமாம், இபு. இல்லன்னா தோல் ஒழுங்கா உரியாதாம். வீடியோல சொன்னாங்க."

"சொன்ன ஆளு எந்த ஊரு?"

"பனி கொட்டுற ஊரு. ஹீட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"அங்க காத்து காஞ்சு கிடக்கும். இது போகோர், மழை ஊரு. துவைச்சுப் போட்ட என் சாரோங் மூணு நாளா காயாம கொடியில தொங்குது. உங்க வீட்டுல மட்டும் பாலைவனமா?"

அவர் சிரித்தார். நான் மெலாத்தியைத் தூக்கிப் பார்த்தேன். அடிவயிற்றுச் செதில்கள் சிவந்திருந்தன. படுத்த படுக்கையான நோயாளிகளை முப்பது வருடம் பார்த்துக்கொண்டவள் நான். நனைந்த விரிப்பில் கிடப்பவர்களின் முதுகும் இப்படித்தான் சிவக்கும். அதைச் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. "அப்ப போன வருஷம் செத்ததும் என்னாலதானா?"

"அப்படித்தான் இருக்கும்," என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் வாடகை வண்டி ஓட்டப் போகவில்லை. மெலாத்தியைத் தலையணை உறைக்குள் விட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். நான் பெட்டிக்குள் பரப்பியிருந்த ஈரமான தேங்காய் நார்த்தூளைக் கொட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்து, காய்ந்த செய்தித்தாள் விரித்தேன்.