மூன்றாவது முனை

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி மாதம், வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு வாங்கக் காந்திபுரத்தில் கூட்டமாக இருந்த ஒரு கடைக்குப் போயிருந்தேன். இரண்டை ஒப்பிட்டு, வாட் அதிகமுள்ளதைக் கையில் எடுத்தேன்.

ஸ்டவ் திரி வாங்க வந்த ஒரு பெண் தயக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, வாட்ட அப்பறம் பாருங்க. அந்த பிளக்குல எர்த்துக்கு மூணாவது முனை இல்லீங்க.”

“இல்லைன்னா என்னங்க?”

“எங்கூட்டுக்காரரு இப்படித்தானுங்க ஒண்ணு வாங்கியாந்தாரு. தண்ணி காஞ்சுதான்னு கைய உட்டாருங்க. அப்படியே போயிட்டாருங்க.”

கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். மூன்று முனை உள்ளதைக் கேட்டு வாங்கித் திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார்.

முன்பின் தெரியாத ஒருவனுக்காக, அத்தனை பேர் நடுவே அந்தச் சாவை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.