எனக்குத் தெரியாமல் போன குரல்

குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் இருந்துகொண்டு சீசனுக்கு அருவிக்குப் போகாவிட்டால், உடம்புக்கு என்ன என்று ஊரே விசாரிக்கும். அதனால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் கதிரோடு போனேன். குளித்துக்கொண்டிருக்கும்போதே அருவித் தண்ணீர் செம்மண் நிறமானது. போலீசார் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். நெரிசலில் கதிரைக் காணோம்.

உள்ளேயே நிற்கிறானோ என்று பயந்து மறுபடி அருவியை நோக்கி நடந்தேன். என் காது ஒரு கீச்சுக்குரலைத் தேடியது. பின்னால் ஒரு கட்டைக்குரல், “எப்பா, அங்கன போவாதிய” என்று கத்தியது. யாரோ ஒரு தடியன் தன் அப்பாவைக் கூப்பிடுகிறான் என்று திரும்பாமல் நடந்தேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது ஒரு கை என்னைப் பிடித்து இழுத்தது. கதிர்தான்.

“எத்தன தடவ கூப்புடுதேன். காதுல விழலையா?”

“விழுந்துச்சுலே. நீன்னு தெரியல.”

அவன் என் கையை விடாமல் கரைக்கு இழுத்துப்போனான். நாங்கள் மேலே ஏறித் திரும்பியபோது, நான் நின்ற இடத்தில் வெள்ளம் புரண்டுகொண்டிருந்தது.

இந்த வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் தாழும் என்று படித்திருக்கிறேன். என் வீட்டில் அது நடந்தபோதும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் பேச்செல்லாம் அம்மாவோடு. எனக்குத் தலையாட்டல் மட்டும்.

இப்போது சாப்பிடும்போது, தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறேன். அவன் குரல் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் கேட்காமல் விடவும் பயமாயிருக்கிறது.