அண்ணன் கடைசியாக ஓட்டிய லாரி

சென்ற ஆண்டு ஆடி மாதம், அந்தியூர்ச் சந்தை கூடுவதற்கு முந்தைய வாரம், கருமத்தம்பட்டியில் என் அண்ணன் வீட்டில் நடந்தது இது. செவ்வாய் வேண்டாமென்று அண்ணி தள்ளிவைத்ததால் லாரியின் வெள்ளோட்டம் புதன்கிழமை.

அண்ணன் இளவயதில் விசைத்தறித் துணி ஏற்றி ஓட்டிய, முன்னால் எஞ்சின் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மூக்கு லாரி இன்னும் ஷெட்டில் நிற்கிறது. பக்கவாதம் வந்து வலது கால் வலுக் குறைந்தபின், அதன் பழைய டிரம் பிரேக்கை அவரால் மிதிக்க முடியவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தைக்கு ஒருமுறை தானே ஓட்டிப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. மில் மெயின்டனன்ஸில் இருந்தவன் நான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதியை லேசாக்கும் பூஸ்டரும் பொருத்தினேன்.

பிரேக் ஆயில் போகும் பைப்பை சைலன்சர் சூடு படாமல், எங்கும் உரசாமல் சேஸிஸின் உட்புறமாக வளைத்துக் கொண்டுபோனேன். அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மட்டும் தொய்வாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இழுபட்டுக் கிழியும். இருபக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன்.

“ஏன்டா தம்பி, பைப்பு போடறயா, புள்ளைக்குச் சடை பின்றயா?” என்று அண்ணன் சிரித்தார்.

புதன் காலை அண்ணி கற்பூரம் காட்டினார். “கண்ணு படாம இருக்கோணும்” என்று வண்டிக்கு அடியில் குனிந்து கருப்புக் கயிறு கட்டினார்.

நான் பக்கத்தில் உட்கார, அண்ணன் வாசலிலிருந்து முழுக்க ஒடித்து ரோட்டில் ஏற்றினார். இறக்கத்தில், பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். பிறகு கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பக்கத்துச் சோளக்காட்டுக்குள் திருப்பிவிட்டார். வரப்பில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை.

“காலு போச்சுடா தம்பி” என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் இறங்கி அடியில் படுத்துப் பார்த்தேன். முன் அச்சோடு ஹோஸையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது கருப்புக் கயிறு. ஒடித்தபோது ஹோஸ் கிழிந்து ஆயில் முழுக்கக் கொட்டியிருந்தது.

“அண்ணா, உங்க காலு நல்லாத்தான் அமுக்கிருக்குதுங்க. ஹோஸுதான் கிழிஞ்சுபோச்சு!”

கதவைப் பிடித்து இறங்கிக் குனிந்தார். ஒரு நிமிடம் அவர் முகம் மலர்ந்தது. பிறகுதான் கயிற்றைக் கவனித்தார்.

“அவ கட்டுனதா?” என்றார். நான் தலையாட்டினேன். “அறுத்துப்போடு. அவகிட்ட மூச்சுடாதே.”

அதற்குள் அண்ணி அழுதுகொண்டே ஓடிவந்துவிட்டார். “ஏனுங்க, என்னாச்சுங்க? காலு மரத்துப்போச்சுங்களா?”

“ஆமா. மரத்துப்போச்சு.”

“இனி வண்டியத் தொடப்படாதுங்க. எம்மேல சத்தியம் பண்ணுங்க.”

அண்ணன் என்னைப் பார்க்காமல் அண்ணியின் தலையில் கை வைத்தார்.

ஹோஸை நான் மாற்றிவிட்டேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. அண்ணன் ஷெட் பக்கமே போவதில்லை. தெருவில் யாராவது விசாரித்தால், “அவருக்குக் காலு ஆகறதில்லீங்க” என்று அண்ணிதான் பதில் சொல்கிறார், அண்ணனும் தலையாட்டுகிறார். இங்கே பெயர்களை எழுதாததும் அதனால்தான். அந்தக் கால் அன்று சரியாகத்தான் மிதித்தது என்று எனக்குத் தெரியும். தன்னால் முடியும் என்பதையே மனைவிக்காக விட்டுக்கொடுத்தவரை நினைத்தால், இன்றும் பெருமைக்கு முன்னால் துக்கம்தான் வருகிறது.