எனக்குச் சுலபமாக வந்த சொல்

எங்கள் கேன்டீனில் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி உண்டு. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் நானும் என்னோடு வேலை செய்யும் அக்காவும் அதன் முன்னால் முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம், யார் உயரம் என்று பார்ப்பதற்காக. அக்கா சத்தமில்லாமல் குதிகாலைத் தூக்கினார். வரிசையில் நின்ற பெண்கள் விடவில்லை. "ஏய், எக்குறாங்க பாருடி!" என்று ஒருத்தி கத்தினாள். "ஷூ அடி தடிமனா கீது, நான் இன்னா பண்றது?" என்றார் அக்கா. நான் புதிதாகக் கற்ற ஸ்பானிஷில் தீர்ப்புச் சொன்னேன்: "யோ சோய் மாஸ் ஆல்தா கே எய்யா." நான் இவரைவிட உயரம்.

"அதென்னா எதுக்கெடுத்தாலும் மாஸு? உங்க ஸ்பானிஷ்காரங்க எல்லாரும் நம்ம ஊரு ஹீரோவா?" என்றார். அன்று முழுக்க லைனில் அதே பேச்சுதான்.

ஒரகடத்தில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் தொழிற்சாலை எங்களுடையது. நான் தரப் பிரிவில் பொறியாளர். அக்கா லைனில் கடைசி மேசையில் கனெக்டர் மாட்டுபவர், வடக்குப்பட்டிலிருந்து வருபவர். மெக்சிகோவில் உள்ள எங்கள் கிளையிலிருந்து ஒரு புது லைன் இங்கே வரப்போகிறது என்று முடிவானதும், என்னை ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். வகுப்பில் ஒப்பிடும் பாடம் வந்தபோதுதான் எனக்கு ஒரு சிக்கல் புரிந்தது. எண்களையும் நிறங்களையும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து பழகிவிடலாம். ஒப்பிடுவதற்கு எதிரே ஆள் வேண்டும். அந்த ஆளாக அக்கா அமைந்தார்.

தமிழில் ஒரு 'விட' போதும். "அவளைவிட உயரம்" என்றால் முடிந்தது. ஸ்பானிஷில் பண்பைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் 'மாஸ்' வர வேண்டும், பின்னால் 'கே' வர வேண்டும். குறைவு என்றால் மாஸுக்குப் பதில் 'மேனோஸ்'. இரண்டும் சமம் என்றால் 'தான்', 'கோமோ'. பெண்ணைச் சொன்னால் ஆல்தா, ஆணைச் சொன்னால் ஆல்தோ. எல்லாரையும்விட என்று சொல்ல, முன்னால் ஒரு 'லா' சேர்த்துப் பின்னால் 'தே தோதாஸ்' போட வேண்டும்: லா மாஸ் ஆல்தா தே தோதாஸ், எல்லாரிலும் உயரமானவள். நல்லதும் கெட்டதும் மட்டும் மாஸுக்கு அடங்காமல் மெஹோர், பெயோர் என்று தனியாக நிற்கும். இதையெல்லாம் நான் அக்காவை வைத்தே பழகினேன். அக்கா என்னைவிட மூத்தவர். என் தேநீர் அக்காவுடையதைவிட ஆறிப்போனது. அக்காவின் பூ என் பூவைவிட அதிகம். கடைசி வாக்கியம் அவருக்குப் பிடித்தது. திரும்பச் சொல்லச் சொல்வார்.

வேலை பற்றிய சொற்களும் பாடத்தில் இருந்தன. வேகமானவள் ராப்பிதா. மெதுவானவள் லெந்தா. கவனமானவள் குயிதாதோசா. இந்த மூன்றாவது என் நாக்கில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தது. நான் பாதியில் நிற்க, அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இன்னா பாப்பா, இஞ்சினீரிங் படிச்சா நாக்கு தடிச்சிடுமா?" என்பார். அவருக்குப் பொருத்தமான சொல்லும் அதுதான். கனெக்டர் 'க்ளிக்' என்று பூட்டிய பிறகு ஒயரை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். அதனால் மற்றவர்களைவிடப் பின்தங்குவார். அவர் மாட்டியது என் மேசைக்குக் குறையோடு திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

புது லைன் பகல் ஷிப்டில் மட்டும் ஓடும் என்று அறிவித்தார்கள். அக்காவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை, அது மட்டும் வேண்டும். கணவர் டிரெய்லர் ஓட்டுபவர், வாரக்கணக்கில் வெளியூர். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. "நைட் ஷிப்ட் வந்தா புள்ள கதவ சாத்திகினு தனியா குந்திக்கினு கீது பாப்பா. நான் இங்க ஒயரப் புடிச்சிக்கினு அதையே நெனச்சிக்கினு கீறேன். அந்த லைன் கெடச்சிட்டா வெளிச்சம் இருக்க சொல்லவே வூட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

ஆள் தேர்ந்தெடுக்க மெக்சிகோவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். நாங்கள் மெக்சிகோ மேடம் என்போம். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. மொழிபெயர்க்க வரவேண்டியவர் அன்று தாமதம். கடைசி மேசைக்கு ஒரே இடம்தான் மீதி. அக்காவா, பென்னலூரிலிருந்து வரும் இளம்பெண்ணா என்பதுதான் கேள்வி. இருவரும் எங்களுக்கு எதிரே வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் மேலாளர் பெருமையோடு என்னை முன்னால் தள்ளினார்: "இவங்க ஸ்பானிஷ் படிக்கிறாங்க." மெக்சிகோ மேடம் சிரித்தபடி என்னிடம் கேட்டார், இந்த இருவரில் யார் மெஹோர், எது வித்தியாசம் என்று. கேள்வி முழுதாகப் புரிந்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு. பென்னலூர்ப் பெண்ணைக் காட்டி, "எய்யா எஸ் மாஸ் ராப்பிதா" என்றேன். அக்காவைக் காட்டி, "எய்யா எஸ் மாஸ் லெந்தா" என்றேன். கவனமானவள் என்ற அந்த மூன்றாவது சொல் நாக்கு வரை வந்தது. மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தடுக்கி விழ எனக்கு மனமில்லை. நிறுத்திவிட்டேன்.

"முய் பியேன்" என்றார் மெக்சிகோ மேடம். மிக நன்று. மேலாளர் கைதட்டினார்.

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த லைனில் இருந்த ஆபரேட்டர்களில் 'லெந்தா' என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவர். தெரியவைத்தவள் நான். பார்த்துவிட்டுக் குனிந்தார். கையிலிருந்த ஒயரை இழுத்துப் பார்த்தார், அடுத்ததை எடுத்தார்.

புது லைனுக்குப் பென்னலூர்ப் பெண் போனாள். பழைய லைனில் ஆள் குறைத்தபோது அக்கா பேக்கிங்குக்கு மாற்றப்பட்டார். அங்கே ஷிப்ட் சுற்றிச் சுற்றி வரும், இரவும் சேர்த்து. அடுத்த வாரம் கேன்டீனில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, "வாங்க மேடம்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். என்னை அழைக்கும் 'பாப்பா' அவர் பேச்சிலிருந்து போய்விட்டது. சண்டை இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அதுவும் உண்மையா என்று தெரியவில்லை.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம், என் வேலையும் அதுதான். குறை வந்தால் காரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவோம். இதற்கும் எழுதிப் பார்த்தேன். நான் சொன்னது பொய்யில்லை, அக்கா மெதுவானவர்தான். முடிவு என் கையில் இல்லை. ஒரு வாக்கியத்தால் யாரையும் தேர்ந்தெடுத்துவிட மாட்டார்கள். எல்லாமே சரியான காரணங்கள். ஆனாலும் இந்தப் பட்டியலை வேறொருவர் என் மேசைக்குக் கொண்டு வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். மேலாளரிடம் ஒருமுறை, "அவங்க ரொம்பக் கவனமா வேலை செய்வாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். "லைன் நல்லா ஓடுதும்மா, இப்ப எதுக்குக் கலைக்கணும்?" என்றார்.

இப்போது மெக்சிகோ அழைப்புகளுக்கு நான்தான் பேசுகிறேன். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. போன மாதம் இரண்டாவது லைன் பற்றிய பேச்சு வந்தது. அதுவும் பகல் ஷிப்ட். கடைசி மேசைக்கு யார் என்று மெக்சிகோ மேடம் கேட்டார். அக்காவைச் சொன்னேன். "லா மாஸ் குயிதாதோசா தே தோதாஸ்." எல்லாரிலும் கவனமானவர். நாக்கு எங்கும் தடுக்கவில்லை. மேடத்துக்கு நினைவிருந்தது. "அந்த மெதுவான பெண்ணா? இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டார். "அந்தச் சொல் அப்போது தெரியாது" என்று ஸ்பானிஷிலேயே சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

அன்று மாலை பேக்கிங் பிரிவுக்குப் போனேன். அக்கா இரண்டாம் ஷிப்டில் இருந்தார், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். புது லைனில் இடம் இருக்கிறது, பகல் ஷிப்ட், பெயரைச் சொல்லிவிட்டேன் என்றேன். டேப்பைக் கிழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பகல் ஷிப்ட்டா? புள்ளைய எங்க தங்கச்சி வூட்ல வுட்டுட்டேனே மேடம், அரக்கோணத்துல. தனியா படுக்க பயந்துக்கினே இருந்துது. ஸ்கூலும் அங்கியே மாத்தியாச்சு. இப்ப சித்திதான் அதுக்கு எல்லாம். நான் போனா கூட, எப்ப கெளம்புறன்னுதான் கேக்குது." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "வெளிச்சத்துல வூட்டுக்குப் போயி யாரப் பாக்கப் போறேன்? சின்னக் கொழந்த வெச்சிக்கினு எவளாவது இருப்பா, அவளுக்குக் குடுங்க."

நான் அங்கேயே நின்றேன். அடுத்த பெட்டி உருண்டு வந்தது. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "போங்க மேடம், உங்க பஸ்ஸு கெளம்பிடப் போவுது" என்றார்.

போனேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பிள்ளைப்பாக்கத்தில் இறங்கி என் வீட்டுப் படியேறியபோது, வெளிச்சம் இன்னும் இருந்தது.