இருபது நிமிடம் பாக்கி

2024 மார்ச் 2, சனிக்கிழமை. சியோம்புவா முத்திசியா, வயது 48, நைரோபியின் கிகொம்பா சந்தையில் பழைய காலணி விற்கும் பெண். எருமைக் குன்று, முதல் முயற்சி. ஒன்பதாவது கிலோமீட்டரில் திரும்பினார். காரணம்: இடது பூட்ஸின் சோல் கழன்றது.

2024 ஜூன் 15, சனிக்கிழமை. இரண்டாவது முயற்சி. உச்சிக்கு இருபது நிமிட நடை இருக்கையில் திரும்பினார். காரணம்: மணி ஒன்றாகிவிட்டது.

எங்கள் நைரோபி மலையேற்றக் குழுவின் பதிவேட்டில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான். ஒரு மணிக்கு யார் எங்கே நின்றாலும் இறங்கத் தொடங்க வேண்டும் என்பது குழுவின் விதி. எருமைக் குன்று இருக்கும் மலைத்தொடர்மேல் பிற்பகலில் படியும் மூடுபனி, பாதையையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிடும்.

பதிவேட்டில் அடங்காதவை பல. சியோம்புவா மனிதர்களைப் பாதத்திலிருந்து மேல்நோக்கித்தான் பார்ப்பார். முகமும் பெயரும் அவருக்கு நினைவில் நிற்பதில்லை; காலணி அளவு நிற்கும். நான் "நாப்பத்திரெண்டு". வழிகாட்டி வாச்சிரா "நாப்பத்தஞ்சு". முதல்முறை கடைக்குப் போனபோது என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டார்: "ஏன் நாப்பத்திரெண்டு, ஒரு பக்கமாவே தேச்சுத் தேச்சு நடக்குற? முதுகு வலிக்குமே?" வலித்துக்கொண்டுதான் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காலணி மூட்டையைப் பிரிக்கும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூட்ஸையும் இரு கைகளாலும் வளைப்பார். சோலின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். பிறகு காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை வளைப்பார். நறுக்கென்று ஒலித்தால் அது கழிவுக் குவியலுக்குப் போகும். அப்படிப் போகிறவற்றில் பாதி, பார்க்கப் புத்தம்புதியவை. வெளிநாட்டில் யாரோ வாங்கி, நடக்காமலே பத்தாண்டு அலமாரியில் வைத்திருந்தவை. பசை உள்ளுக்குள் பொடிந்திருக்கும். சந்தைக்கே அவர் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடத்தை, தனக்கென்று ஒரு ஜோடி எடுத்த அன்று மட்டும் மறந்தார். மார்ச் 2 அன்று அவர் காலில் இருந்தது அந்த மூட்டையிலேயே அழகான ஜோடி.

"ஊருக்கெல்லாம் அழுக்கு ஜோடியப் பாத்துப் பாத்துக் குடுத்துட்டு, எனக்குன்னு பளபளன்னு எடுத்தேன் பாரு. புத்தி காலுக்குக் கீழ போயிருச்சு."

அவருடைய கஷ்டம் தோல்வி அல்ல. பொய் சொல்ல வராததுதான். மலையேறக் காலணி தேடி வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்க எருமைக் குன்று ஏறியிருக்கீங்களா?" மார்ச்சுக்குப் பின் "முக்காவாசி" என்றார். ஜூனுக்குப் பின் "இருபது நிமிஷம் பாக்கி" என்றார். சிலர் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார்கள்.

பக்கத்தில் பெல்ட் விற்கும் ஒகெல்லோவுக்கு இது தினசரித் தீனி. "ஒன் சரக்கு பூராவும் மலை ஏறிருச்சு. நீதான் இன்னும் பஸ் ஏறிப் பழகுற."

"ஒன் பெல்ட்டு மொதல்ல ஒன் தொப்பையப் புடிக்கட்டும். அப்புறம் பேசு."

"ஏறிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்?"

"நாக்கும் சோல் மாதிரிதான்டா. ஒருதரம் விட்டுச்சுன்னா ஒட்டாது."

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. மூன்றாவது முயற்சி. இடைப்பட்ட ஏழரை மாதமும் லாரியிலிருந்து கடைவரை மூட்டையைச் சுமைக்காரரிடம் கொடுக்காமல் அவரே சுமந்தார். அன்று அணிந்து வந்தது சேற்று நிறத்தில் ஒரு பூட்ஸ். நாடாக்கள்கூட வெவ்வேறு நிறம். காலை 7.10க்கு வன அலுவலகத்திலிருந்து இருபத்துமூன்று பேர் புறப்பட்டோம். எருமைகளுக்காகத் துப்பாக்கியோடு வரும் வனக்காவலர் முன்னே நடப்பது வழக்கம். அவருக்கு அடுத்த இடத்தைச் சியோம்புவா கேட்டு வாங்கிக்கொண்டார். காரணத்தை நான் அறிவேன். ஜூன் மாதம் அவர் நின்ற இடங்கள் பதினான்கு. அவற்றில் பதினொன்று, பிறர் காலணியைக் குனிந்து பார்ப்பதற்காக. காவலர் அணிந்திருந்ததோ ரப்பர் பூட்ஸ்.

"அதுல பாக்க ஒண்ணுமே இல்ல. கண்ணு சும்மா கெடக்கும், காலு நடக்கும்."

மூங்கில் காட்டின் முழங்கால் சேற்றைப் பத்து மணிக்குள் கடந்தார். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை நடந்தபடியே தின்றார். 11.20க்குக் கைவிரிப்பு மேடு. அதுதான் உச்சி என்று நம்பி ஏறி வருகிறவர்களுக்கு, அங்கே நின்றதும் அதற்கப்பால் இன்னும் மூன்று மலைமுதுகுகள் தெரியும். அன்று ஏழு பேர் அங்கேயே கைவிரித்தார்கள்.

"அக்கா, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார் வாச்சிரா.

"உக்காந்தா எந்திரிக்கும்போது காலு, ஊருக்கு எந்தப் பக்கம்னு கேக்கும். நட, நாப்பத்தஞ்சு."

12.41க்கு உச்சிப் பலகையை அடைந்தோம். பதினாறு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். யாரோ பாடினார்கள். வாச்சிரா கைபேசியை உயர்த்தினார். "முடிஞ்சுதுக்கா! பலகையப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ!"

சியோம்புவா பலகைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க தெரியுதே, அது என்ன?"

"பாறை."

"இதவிட ஒசரமா?"

வாச்சிரா என்னைப் பார்த்தார். ஒரு பள்ளத்துக்கு அப்பால் நின்றது அந்தப் பாறை; என் வரைபடத்திலும் இருந்தது. "ஒம்பது மீட்டர் கூட இருக்கும்" என்றேன்.

"அங்க யாரும் போறதில்லக்கா. பலகை இங்கதான வச்சிருக்கு?"

"பலகைய ஏறவா வந்தேன்? கடைக்கு வர்றவன் கேட்டா என்ன சொல்ல, ஒம்பது மீட்டர் பாக்கின்னா?"

"மணியப் பாருங்க! ஒண்ணுக்கு விசில் ஊதிருவேன்."

"ஊது. அதுக்குள்ள அங்க ஏறலேன்னா, மூணாவது தடவையும் திரும்பிட்டேன்னு எழுதிக்க."

சொல்லி முடிக்கும் முன்பே பள்ளத்தில் பாதி இறங்கியிருந்தார். தனியே யாரையும் விடக் கூடாது என்பதால் நான் பின்தொடர்ந்தேன். பள்ளத்தில் புல் இடுப்பளவு. பாறையில் பாதையே இல்லை. கடைசி இரண்டு ஆள் உயரத்தைக் கைகளையும் ஊன்றித்தான் ஏறினோம். ஒரு முறை அவர் கால் வழுக்கியது. கெட்டவார்த்தை ஒன்று சொல்லிவிட்டு அதே இடத்தில் மறுபடி வைத்தார், நின்றது.

12.56. மேலே நின்று மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு வலது கையைத் தலைக்கு மேலே முழுவதும் நீட்டி, விரல்களை விரித்து, இப்படியும் அப்படியும் துழாவினார். அங்கே காற்று மட்டும் இருந்தது.

எருமைக் குன்றின் உச்சியைத் தொட்டவர்கள், அன்று பலகைவரை வந்தவர்களையும் சேர்த்து, என் ஏட்டின்படி 131 பேர். இறங்கி வந்ததும் அதைத் திருத்தினேன்: 2.